ஜோடிக் கடிகாரம்

ஜெனீவா
30 நவம்பர் 1817

அன்புள்ள ஆப்ராம் அண்ணனுக்கு,

கல்யாணத்துக்குத்தான் வரவில்லை, வாழ்த்தி ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் விரல் ஒடிந்தா போயிருக்கும்? தேவாலயத்தில் நம் வீட்டு வரிசையில் என் தோழி லிஸெத் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். "ஒங்க அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். "ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு, மனசும் அப்படித்தான்" என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நீ வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "கடிகாரம் பாக்க வந்தவன் கடிகாரத்தைப் பாத்துட்டுப் போகணும். பொண்ணைப் பாத்தவனை நான் நம்ப மாட்டேன்" என்றாய். என் கணவர் மொசியே மொன்வெர் பணக்காரர், மனைவியை இழந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். இதில் எது குற்றம்? கோடையில் அவர் மலையேறி வந்தது அப்பாவைத் தேடி. அப்பா காலமாகிவிட்டார் என்று தெரிந்ததும், நீ கடிகாரப் பொம்மைக்குக் கை பொருத்துவதை அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஏரி உறைந்தபோது, "தாங்கும், நடந்து வா" என்று கூப்பிட்டாயே, நானும் நம்பி நடந்தேனே. இடுப்பு வரை உள்ளே போன என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு என்ன சொன்னாய்? "ஐஸ் மேல தப்பில்ல, நீ தின்னு கொழுத்துட்ட." பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது 'தப்பு என் மேல்' என்று உன் வாயிலிருந்து வந்திருக்கிறதா? இந்த முறையும் வராது. ஆனாலும் நான்தான் முதலில் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பெர்னெத்


லெ சாந்தியே, ஜூ பள்ளத்தாக்கு
9 டிசம்பர் 1817

பெர்னெத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுதுவதற்கு எனக்கு நேரமில்லை, எழுதுகிறேன்.

ஐஸ் விஷயத்தை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டப்போகிறாய்? தாங்கியிருக்கும். நீ குதித்தாய்.

இங்கே முழங்கால் வரை பனி. பால்காரர் மொய்ஸ் ஒருவரைத் தவிர இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும் வரை வேலை செய்கிறேன். தரகர் புரோஷே ஒரு தங்கக் கடிகாரம் கொடுத்திருக்கிறார். முன்பக்கம் வழக்கமானதுதான்: குமிழை அழுத்தினால் இரண்டு வீரர்கள் சுத்தியல் தூக்கி மணியடித்து நேரம் சொல்வார்கள். பின்பக்க மூடிக்குள் ரகசியக் காட்சி ஒன்று உண்டு. பக்கவாட்டுத் தாழை நகர்த்தினால்தான் அது தெரியும். அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்காதே. அந்த மாதிரி அசிங்கக் கடிகாரங்கள் நகரப் பெரியவர்கள் கையில் சிக்கினால் உருக்கிவிடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

நல்லவேளை, இது ஒற்றை. சீனத்துப் பிரபுக்களுக்குப் போகிறவை எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் போகும். ஒன்றில் பொம்மை வலப்பக்கம் பார்த்தால் இன்னொன்றில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அப்படிச் செய்து செய்து எனக்குக் கண் பூத்துவிட்டது. இது யாரோ ஜெனீவாக்காரருக்காம். ஆனால் படம் வரைந்தவன் ஒரு முட்டாள். அவன் வரைந்த ஆட்கள் எல்லாரும் இடக்கைக்காரர்கள். சட்டைப் பொத்தானைக்கூடப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறான். என்ன செய்வது, படத்தில் இருப்பதைத்தானே நான் செய்ய முடியும்.

அறையில் கணப்பு ஒழுங்காக எரிகிறதா? உனக்கு மார்புச் சளி. நதிக்கரை வீடு ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன்.

ஆப்ராம்


ஜெனீவா
18 டிசம்பர் 1817

அண்ணா,

நேரமில்லை என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். அதை நீ நம்ப மாட்டாய்.

கணப்பைப் பற்றிக் கவலைப்படாதே. படுக்கையறைக் கணப்பு கூரை வரை நிற்கிறது. மஞ்சள் ஓடு பதித்தது, ஒவ்வொரு ஓட்டிலும் நீல நாரை ஒன்று ஒற்றைக் காலில். ஜன்னலைத் திறந்தால் நேரே கீழே ரோன் நதி. வீட்டுச் சுவரை மோதிக்கொண்டு ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவுக்கு ஒரு மரக் கம்பி உண்டு, கைபிடித்து எட்டிப் பார்க்கலாம். முதல் வாரம் அந்த இரைச்சலில் தூக்கமே வரவில்லை.

அவருக்கு ஒரு கிறுக்கு இருக்கிறது, சொன்னால் சிரிப்பாய். வீட்டில் ஒற்றைப் பொருள் எதுவுமே இருக்கக்கூடாது. மெழுகுவத்தித் தாங்கி இரண்டு, பூச்சாடி இரண்டு, சுவரில் மான் தலைகூட ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு. வேலைக்காரி ஒரு கோப்பையை உடைத்துவிட்டாள். நன்றாக இருந்த இன்னொன்றையும் எடுத்து அவரே நதியில் எறிந்தார். "ஒத்தையா ஒண்ணை வச்சிக்கிட்டு என்ன பண்றது? பாக்கும்போதெல்லாம் பல்லுவலி மாதிரி இருக்கும்" என்றார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதல் மனைவியைப் பற்றிக் கேட்டேன். லியோனில் காய்ச்சலில் போய்விட்டாளாம். அதற்குமேல் பேச்சில்லை. உன்னைப் பற்றித்தான் அடிக்கடி கேட்கிறார். "ஒங்க அண்ணன் கை நடுங்காம இருக்கா? நல்ல கை அது" என்கிறார். உன்னைப் பாராட்டுகிற ஆளை நீ திட்டுகிறாய்.

பெர்னெத்


லெ சாந்தியே
2 ஜனவரி 1818

பெர்னெத்,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்ததும் கணப்பில் போட்டுவிடு.

கையடித்துக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அந்தக் கடிகாரத்தின் பின்பக்கத்தில் வழக்கமான அசிங்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதில் ஒரு படுக்கையறை. கூரை வரை உயர்ந்த ஒரு கணப்பு. திறந்த ஜன்னல், கீழே தண்ணீர். கோதுமை மணி அளவில் ஒரு பெண், முக்காலி மேல் ஏறி நின்று ஜன்னலில் பறவைக் கூண்டை மாட்டுகிறாள். முதுகுதான் தெரியும், 'முகம் வேண்டாம்' என்று எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண். மணியடிக்கத் தொடங்கினால் அவன் இரண்டு கைகளும் மெல்ல முன்னால் வரும். கடைசி மணிக்கு அவள் ஜன்னலுக்கு வெளியே போய்விடுவாள். கூண்டு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டேதான் வேலை செய்தேன். நேற்றுக் கணப்புக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தேன். படத்தின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன்: மஞ்சள் ஓடு, ஒவ்வொன்றிலும் நீல நாரை, ஒற்றைக் காலில்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெண் பொம்மை செய்தாலும் உன் பின்னலும் உன் கழுத்தும்தான் என் கைக்கு வரும், சின்ன வயதில் நீதானே எனக்கு மாதிரி நின்றாய். இந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்திருக்கிறாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் நீயேதான்.

நான் சொல்வது பைத்தியக்காரத்தனமாக இருக்கட்டும், பரவாயில்லை. அந்த வீட்டை விட்டு வெளியே வா. லிஸெத் வீட்டுக்குப் போ.

ஆப்ராம்


கரூஜ், லிஸெத் வீடு
9 ஜனவரி 1818

அண்ணா,

வந்துவிட்டேன். லிஸெத்துக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். லிஸெத் நன்றாகத் தின்றுகொண்டிருக்கிறாள்.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்த அன்று அவர் என் தோளில் சால்வை போர்த்தினார். நான் துள்ளி எழுந்தேன். "என்னம்மா, பேயைப் பாத்தியா?" என்று கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது. என் புருஷனின் கையைப் பார்த்து நான் பயந்தேன், நீ எழுதிய ஒரு கடிதத்தால். இந்தக் கல்யாணம் உனக்குப் பிடிக்காது. பிடிக்காத கண்ணுக்கு நாரைகூடப் பேயாகத் தெரியும்.

நேற்று இங்கே வந்தார். லிஸெத்துக்கென்று ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்தார். "நீ இல்லாம வீட்டுல பாதியே காணாமப் போச்சு. எப்ப வர?" என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றார். அண்ணா, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. நீ பயமுறுத்திய பிறகும் பிடித்திருக்கிறது. அதுதான் என் கஷ்டம்.

அதனால் ஒழுங்காக ஒரு வேலை செய். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார். எங்கள் அறைக் கதவில் நின்று பார்த்தால் கணப்பு இடது பக்கம். ஜன்னல் வலது பக்கம். கட்டில் நடுவில். உன் படத்தில் எப்படி? யோசித்து எழுது. நீ போகச் சொன்னால் போகிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம். ஏரியில் நடந்த மாதிரி இந்த முறையும் உன் பேச்சைக் கேட்டுத்தான் நடப்பேன்.

பெர்னெத்


லெ சாந்தியே
15 ஜனவரி 1818

என் அருமைப் பெர்னெத்,

படத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இல்லை. உன் அறை இல்லை இது. இந்தப் படத்தில் கணப்பு வலது பக்கம், ஜன்னல் இடது பக்கம். எல்லாமே நேர்மாறு. கட்டடத்தைத் தூக்கித் திருப்பியா வைக்க முடியும்? நாரை ஓட்டைப் பற்றி மொய்ஸிடம் கேட்டேன். "அட, ரோல் ஊருல எங்க மாமனார் வீட்டுலயும் அதே கொக்குதான்யா. ஒரே சூளைக்காரன் ஊரெல்லாம் வித்துருக்கான்" என்று சிரித்தார். யாரோ ஒரு சீமானுக்குக் கோணல் புத்தி, அதற்கு என் தங்கை வாழ்க்கையை நான் கலைக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எழுதப்போவதை எழுத ஒரு மாலை முழுக்க ஆயிற்று. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

தப்பு என் மேல். உன் கணவர் மேல் நான் பட்ட சந்தேகம் தப்பு. அவர் யார் என்று தெரிந்துகொள்ளாமலே வெறுத்தேன். உண்மையில் நீ போனால் இந்த வீட்டில் நான் தனியாகிவிடுவேன் என்ற பயம்தான் அது. அதற்கு அவர் முகத்தை மாட்டிவிட்டேன். ஐஸ் விஷயத்திலும் தப்பு என் மேல்தான். அது தாங்காது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் நீ வருவாயா என்று பார்க்க ஆசை.

வீட்டுக்குப் போ. அவரிடம் என் வணக்கத்தைச் சொல். பனி கரைந்ததும் வஷ்ரேன் பாலாடைக்கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.

உன் அண்ணன்,
ஆப்ராம்


ஜெனீவா
24 ஜனவரி 1818

அண்ணா, அண்ணா!

லிஸெத்திடம் காட்டினேன், அவள் நம்பவில்லை. "இது ஒங்கண்ணன் கையெழுத்தா? யாரையாவது வச்சு எழுதியிருப்பான்டி" என்றாள். நான் அந்தத் தாளை முத்தமிட்டேன். நீ கெட்டிக்காரன், நீ நல்லவன், நீ ஒரு கழுதை.

அன்று மாலையே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன். நீ போகலாம் என்று எழுதியதற்காக மட்டும் இல்லை. 'தப்பு என் மேல்' என்று நீ எழுதியதற்காக. நீயே இறங்கி வந்துவிட்டாய், இனி நான் யாரைச் சந்தேகப்படுவது?

அவரிடம் எதையும் மறைக்க மனம் வரவில்லை. உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன், சந்தேகம், கடிகாரம் எல்லாம்தான். கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்காரு! இந்தக் கடிதத்தை எனக்குக் குடு. மச்சான் எனக்கு எழுதின முதல் நல்ல வார்த்தை" என்று கேட்டு வாங்கி மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பெர்னெத்


லெ சாந்தியே
9 பிப்ரவரி 1818

பெர்னெத், இதைப் படிக்கிற இடத்திலேயே எழுந்து வெளியே போ. சால்வைகூட எடுக்காதே. மீதியைத் தெருவில் நின்று படி.

அது உன் அறைதான்.

முந்தாநாள் காலையில் புரோஷே முடிந்த கடிகாரத்தை எடுத்துப்போக வந்தார். கையில் பழைய கடிகாரம் ஒன்று. "மணிச்சத்தம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துரு. இது மூத்தது, அது இளையது. ஜோடி" என்றார். ஜோடியா என்று கேட்டேன். "சொல்லலையா? தனக்குன்னே ஜோடி கேக்கற ஆளு இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான்" என்று சிரித்தார்.

தாழை நகர்த்தினேன். அப்பாவின் கைவேலை, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதே அறை. இதில் கணப்பு இடது பக்கம், ஜன்னல் வலது பக்கம், நீ எழுதிய மாதிரியே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி. ஜோடிக்குப் படம் திருப்பித்தான் வரைவார்கள். இத்தனை வருஷம் சீனாவுக்கு அதைத்தானே செய்தேன்! எல்லாரும் இடக்கைக்காரர்கள் என்று உனக்கு எழுதிச் சிரித்தவன் நான். பொத்தான் பக்கம் மாறியிருக்கிறது என்று எழுதியவனும் நான்தான். ஒற்றை என்று நானே நினைத்துக்கொண்டு என் கண்ணை நம்பாமல் விட்டேன்.

வாங்குகிறவர் யார் என்று கேட்டேன். "ஒன் தங்கச்சி புருஷன்தான்யா! கல்யாணப் பரிசாம், ஒனக்குச் சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தார். பழசு மொத சம்சாரத்துக்காகச் செஞ்சது. அந்தம்மா பாவம், கிளிக்கூண்டு மாட்டறேன்னு ஜன்னல்லேருந்து ஆத்துல விழுந்துட்டாங்க" என்றார். நான் கேட்டேன்: "கடிகாரம் மொதல்லயா, அந்தம்மா விழுந்தது மொதல்லயா?" அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடிகாரம்தான் முதலில்.

லியோன் இல்லை பெர்னெத். காய்ச்சலும் இல்லை.

புதுக் கடிகாரத்தைக் கொடுக்க மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரும் வண்டிக்காரனுமாகப் பிடுங்கினார்கள். "நான் வியாபாரி, எனக்கு இதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வண்டியேறினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போனதும் நானும் கிளம்பினேன். கணவாயில் இடுப்பளவு பனி. விழுந்து கணுக்கால் பிசகி, மரம் வெட்டுகிறவர்கள் தூக்கிவந்து போட்டார்கள். காலை ஊன்ற முடியவில்லை. மொய்ஸ் இந்தக் கடிதத்தைத் தானே சுமந்துபோய்த் தபால் வண்டியில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பு என் மேல் என்று எழுதினேன். அதுதான் தப்பு. நான் முதலில் சொன்னதுதான் சரி. ஓடி வந்துவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வந்து திட்டு.

ஆப்ராம்


ஜெனீவா
10 பிப்ரவரி 1818

அன்புள்ள அண்ணா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தப்பை ஒத்துக்கொண்ட களைப்பு இன்னும் தீரவில்லையா?

இன்று நல்ல வெயில். நதி பச்சையாக இருக்கிறது. காலையில் புரோஷே என்று ஒருவர் வந்து என் புருஷனிடம் ஏதோ சிறு பெட்டியைக் கொடுத்தார். உன் தரகர் பெயர் அதுதானே? லெ சாந்தியே பக்கமிருந்துதானே வருகிறீர்கள், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஓடிப்போய்க் கேட்டேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன மரியாதை இது?

பெட்டி வந்ததிலிருந்து இவர் குழந்தை மாதிரி இருக்கிறார். அதோடு எனக்கும் ஒரு பரிசு: ஒரு மஞ்சள் கனாரிக் குருவி! பித்தளைக் கூண்டு. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கூண்டைப் பார்த்ததும் உன் பழைய கடிதம் ஞாபகத்துக்கு வந்து ஓர் அடி பின்வாங்கிவிட்டேன். உடனே எனக்கே வெட்கமாகிவிட்டது. எத்தனை வீட்டில் குருவி இல்லை? நீயே தப்பென்று எழுதிய பிறகும் நான் பயந்தால் நான்தான் அசடு.

ஜன்னலில் மாட்டினால் வெயில் படும் என்கிறார். எனக்கு எட்டாது என்றேன், முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டார். கம்பியில் சாய்ந்தால் தாங்குமா என்று இங்கிருந்தே கேட்டேன். "தாங்கும், வா. பின்னாடி நான் பிடிச்சுக்கறேன்" என்கிறார். உன் குரல் மாதிரியே இருந்தது.

கூப்பிடுகிறார். கூண்டை மாட்டிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.


13 பிப்ரவரி

மதிப்பிற்குரிய மொசியே ஆப்ராம் அவர்களுக்கு,

மேலே உள்ள கடிதம் என் மனைவியின் மேஜையில் முடிக்கப்படாமல் கிடந்தது. தங்களுக்குரியது என்பதால் அப்படியே அனுப்பிவைக்கிறேன். நேர்ந்த துயரத்தைத் தாங்கள் இதற்குள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். மரக் கம்பி உளுத்திருந்ததாக நகர அதிகாரிகள் தீர்மானித்திருக்கிறார்கள்.

தாங்கள் ஒன்பதாம் தேதி அவளுக்கு எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. நான் பிரித்துப் படித்தேன். துக்கத்தில் எழுதியது போலிருந்தது, துக்கம் நேர்வதற்கு முன்பே. யாரிடமும் இதையெல்லாம் சொல்லித் தாங்கள் சிரமப்பட வேண்டாம். என் மேல் பட்ட சந்தேகம் தப்பு என்று ஜனவரி பதினைந்தாம் தேதி தாங்களே கையெழுத்திட்டு எழுதியது என்னிடம் இருக்கிறது.

கடிகாரம் வந்து சேர்ந்தது. வேலை மிக நேர்த்தி. பின்னலைப் பார்த்ததும் அவள்தான் என்று தெரிந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

தங்கள் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மொன்வெர்